தோப்புக்குள் போன நெடுஞ்சாலை

திருப்பதிக்குப் போகிறேன் என்று சொன்னதும் கோலாலம்பூர் அலுவலகத்தில் ஏழு பேர் லட்டு கேட்டார்கள். அதில் இரண்டு பேர் மலாய்க்காரர்கள், ஒருவர் சீனர். அங்கே எனக்கு என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேலை இதுதான். நான் இருப்பது ஒரு சின்ன ஓய்வூதிய நிதியில். ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலை ஆட்களும் பள்ளிக்கூடக் காவலாளிகளும் மாதாமாதம் கட்டுகிற பணத்தை எங்காவது போட்டுப் பெருக்கிக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை ஆந்திராவில், திருப்பதி, சித்தூர் மாவட்டங்கள் வழியாகப் போகும் ஒரு நான்குவழிச் சாலையில் போட்டிருந்தோம். சாலையின் பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அரசாங்கம் கொஞ்சம் மானியம் கொடுத்து, ஒரு நிறுவனம் கடன் வாங்கிக் கட்டிய சாலை அது. கட்டி முடித்ததும் அந்த நிறுவனம் அடுத்த இருபது வருடச் சுங்க வசூலை எங்களைப் போன்ற சில நிதிகளிடம் மொத்தமாக விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு வேறு எங்கோ அடுத்த சாலை போடப் போய்விட்டது. நாடு முழுக்க இப்படித்தான் சாலைகள் நீள்கின்றன.

இருபது வருடத்தில் எத்தனை வண்டி போகும் என்று கணித்தவள் நான். இரண்டு வருடமாக அந்த எண்ணிக்கை வரவில்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரிப் பக்கத்துச் சுங்கச்சாவடி ஒன்றில் மட்டும் வசூல் படுத்துக்கொண்டது.

"நேரில் போய்ப் பார். உனக்குத்தான் அந்த ஊர் பாஷை தெரியுமே" என்றார் என் மேலாளர் லிம்.

"அங்கே தெலுங்கு பேசுவார்கள். நான் தமிழ்."

"இரண்டையும் வட்டமாகத்தானே எழுதுகிறீர்கள்" என்று சொல்லிவிட்டார்.

திருப்பதியில் இறங்கிய முதல் நாள், ஊரில் தலைமுடி உள்ளவர்கள் சிறுபான்மை என்பது தெரிந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் ஹோட்டல் வரவேற்பறையில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தன. சாவி கொடுத்தவர், கதவு திறந்தவர், தண்ணீர் கொண்டுவந்தவர் என்று மூன்று பேரும் "தரிசனம் ஆச்சா?" என்று கேட்டார்கள். சுங்கச்சாவடி பார்க்க வந்தேன் என்று மூன்றாமவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தண்ணீரை மேஜையில் வைத்துவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார்.

ஐந்து நாளைக்கும் வண்டி ஓட்ட வந்தவர் முனிரத்தினம். ஐம்பது வயதிருக்கும், நகரிக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் அங்கே பவர்லூம் ஓட்ட, இவர் மட்டும் கார் ஓட்டுகிறார். போனில் மனைவியிடம் தமிழில் ஆரம்பித்து, சம்பளம் பற்றிப் பேச்சு வந்ததும் தெலுங்குக்கு மாறி, திட்டுவதற்குத் திரும்பவும் தமிழுக்கு வந்தார். லிம் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறதோ என்று அப்போதே சந்தேகம் வந்தது.

"இன்னா மேடம், சாமி பாத்துக்கினு அப்புறமா வேலையா, வேலைய பாத்துக்கினு அப்புறமா சாமியா?"

"முதலில் சாப்பாடு" என்றேன்.

அழைத்துப்போன மெஸ்ஸில் இலை போட்டு, பருப்புப்பொடியும் நெய்யும் வைத்து, பின்னாலேயே கோங்கூரா சட்னி வந்தது. புளிச்சக்கீரைதானே என்று தாராளமாகப் பிசைந்தேன். ஈப்போவில் சம்பல் சாப்பிட்டு வளர்ந்தவள் நான், காரத்துக்குப் பயந்தவளல்ல. இரண்டாவது கவளத்தில் மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. பரிமாறியவர் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு இன்னும் ஒரு கரண்டி நெய் ஊற்றினார். முனிரத்தினம் மொழிபெயர்த்தார்: "வெளியூர் ஆளுங்கன்னு இன்னிக்கு மொளகா கம்மியாதான் போட்டானாம்."

மறுநாள் காலையிலிருந்து சுங்கச்சாவடி. அதன் மேலாளர் சுதாகர் மடிப்புக் கலையாத சட்டை போட்ட, மிக மரியாதையான மனிதர். எலுமிச்சை சோடா கொடுத்தார், குளிரூட்டிய அறையில் உட்கார வைத்தார், வசூல் குறைந்ததற்கு மழை, தேர்தல், டீசல் விலை, ஆடி மாதம் என்று நான்கு காரணங்கள் சொன்னார். அப்போது ஆனி மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. மழையும் இல்லை.

கேமரா எண்ணுவதை நான் நம்புவதில்லை. கையில் அமுக்கி எண்ணும் கருவியோடு தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க நின்றேன். ஒரு மொட்டைக் குடும்பம் காரை நிறுத்தி, இப்படி நிற்பது எனக்கு வேண்டுதலா என்று விசாரித்துவிட்டுப் போனது. மாங்காய் ஏற்றிய லாரிகள் மட்டும் கண்ணில் படவே இல்லை. சித்தூர் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகள் ராப்பகலாக ஓடும் பருவம் அது. சாவடிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் டீ குடித்த இடத்தில் மாங்காய் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருந்தேன். அங்கே இருந்தவை இங்கே வந்து சேரவில்லை.

சாயங்காலம் காரில் ஏறி, காலைத் தூக்கி முன்சீட்டின் மேல் வைத்துக்கொண்டு, "இந்த லாரியெல்லாம் எங்கேதான் போகிறது?" என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன்.

"கன்னியம்மாக்கா தோப்பு வழியா போவும்" என்றார் முனிரத்தினம்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நானே அப்பிடிதான மேடம் போவேன். நீங்க கம்பெனி ஆளு, காசு குடுத்துத்தான் போவீங்கன்னு நேரா ஓட்டினேன்."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலியே. வண்டி எண்ணணும்னு சொன்னீங்க, எண்ணிக்கினு இருந்தீங்க. சரி, அதுவும் ஒரு வேலைதான்னு வுட்டுட்டேன்."

மூன்றாம் நாள் அந்தத் தோப்புக்குப் போனோம். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சுறுசுறுப்பான சாலை அதுதான். மாமரங்களுக்கு நடுவில் செம்மண் பாதை, அதில் டிராக்டர், லாரி, பால்வண்டி, பள்ளிக்கூட ஆட்டோ. பாதை வளையும் இடத்தில் புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட ஒரு அம்மாள், ஒரு கையில் பச்சைத் துண்டும் மறு கையில் சிவப்புத் துண்டுமாக நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். எதிரெதிரே இரண்டு லாரி முட்டிக்கொண்டால் கிளை ஒடிகிறது என்பதால் இந்த ஏற்பாடு. அவர்தான் கன்னியம்மா.

என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "துன்னியா?"

நாங்கள் மலேசியாவில் "பசியாறிட்டீங்களா" என்று கேட்கிறவர்கள். "துன்னியா" என்று யாராவது கேட்டால் அடுத்தது கைகலப்புதான். நான் ஒரு அடி பின்வாங்கினேன். "சாப்டியான்னு கேக்கறாங்க மேடம், மரியாதையாதான்" என்றார் முனிரத்தினம்.

பாதை எப்படி வந்தது என்று கன்னியம்மாவே சொன்னார். ஊர் வீடுகளும் இந்தத் தோப்பும் நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம். நெல்லும் வேர்க்கடலையும் போடும் வயல்கள் மறுபக்கம். சாலை போட்ட பிறகு குறுக்கே கடக்க வழியில்லை. வண்டி திரும்பும் இடம் சாவடியைத் தாண்டித்தான் இருக்கிறது. ஆகவே தன் வயலுக்குப் போகிறவன் சாவடிக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். ஊர்க்காரர்களுக்கு பாஸ் உண்டு, ஆனால் வாடகை டிராக்டருக்குக் கிடையாது. அங்கே எல்லாரும் ஓட்டுவது வாடகை டிராக்டர். சாவடியை ஒட்டியே நீளும் தன் தோப்புக்குள் புகுந்து, சாவடியைத் தாண்டி மறுபடி சாலையில் ஏறிக்கொள்ளட்டும் என்று கன்னியம்மா வேலியைப் பிரித்துவிட்டார். அவர் பிரித்தது ஊருக்காக. வாசனை பிடித்து லாரிகளும் வந்துவிட்டன.

"லாரிக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?" தொழில்முறையாகக் கேட்டேன்.

"நானா? ஒண்ணும் வாங்கறதில்லமா. காசு வாங்கினா அது ரோடு ஆயிடும். அப்புறம் பள்ளம் வுழுந்துதுன்னா எங்கிட்ட வந்து நிப்பாங்க. எனுக்கு எதுக்கு அந்தத் தலவலி?"

சாலை நிதியைப் பற்றி நான் உட்கார்ந்த கருத்தரங்குகளில் இவ்வளவு சுருக்கமாக யாரும் பேசவில்லை. குறித்துக்கொண்டேன்.

நான் யார் என்று அவர் கேட்டார். மறைக்க மனம் வரவில்லை. சாலையின் வசூலை இருபது வருடத்துக்கு வாங்கியவர்களில் நாங்களும் உண்டு, எங்கள் ஊர்த் தொழிலாளிகளின் பணம் அது என்று விளக்கத் தொடங்கினேன். "வருங்கால வருவாய்", "மூலதனம்" என்று இரண்டு வாக்கியம் பேசியதுமே அவர் கை காட்டி நிறுத்தினார்.

"பூ குத்தகதான?"

மா பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து தோப்பைப் பார்த்து, காய்க்கப்போவதை மொத்தமாக விலை பேசிப் பணத்தைக் கொடுத்துவிடுவானாம். அப்புறம் காய்த்தாலும் அவன் பாடு, காற்றில் உதிர்ந்தாலும் அவன் பாடு. தோப்பை விட்டவர் அந்தப் பணத்தில் கிணறு வெட்டுவார், பெண்ணுக்குக் கல்யாணம் செய்வார். இந்தத் தோப்பையே கன்னியம்மா ஒரு சித்தூர் வியாபாரிக்கு அப்படித்தான் விட்டிருந்தார்.

"வாங்கறதுக்கு முன்ன வந்து பாத்தியா?"

"படம் பார்த்தோம்."

"காவலுக்கு ஆள் போட்டியா?"

அவர் பக்கத்திலிருந்த டிராக்டர்காரரைக் கூப்பிட்டு, படத்தைப் பார்த்துத் தோப்பு வாங்கியவர்கள் வந்திருப்பதாகச் சொன்னார். அவர் இஞ்சினை நிறுத்திவிட்டே சிரித்தார்.

அன்று சாயங்காலம், முனிரத்தினத்திடமும் சொல்லிவிட்டு, ஹோட்டலில் இருந்து லிம்முக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். தோப்பின் புகைப்படம், வரைபடத்தில் அதன் இடம், "காரணம் கண்டுபிடிக்கப்பட்டது" என்ற தலைப்பு, கடைசியில் நிரந்தரமான வழி தேட வேண்டும் என்று ஒரு வரி. நாகரிகம் கருதி சுதாகருக்கும் ஒரு நகல். இந்த நாகரிகம்தான் எனக்கு வினையாக முடிந்தது.

நான்காம் நாள் மத்தியானம் கன்னியம்மா வீட்டில் சாப்பாடு. தோப்புக்கு நடுவிலேயே ஓட்டுக் கூரை போட்ட வீடு. கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல், மாங்காய் போட்ட பருப்பு. களியை மெல்லக்கூடாது, உருட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்று முனிரத்தினம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வெளியே ஜேசிபி சத்தம். முதலில் ஒரு பக்கம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் மறுபக்கமும்.

ஓடிப் பார்த்தோம். பாதையின் இரண்டு முனையிலும் ஆள் உயரப் பள்ளம். நடுவில் ஒன்பது மாங்காய் லாரி, ஆறு டிராக்டர், ஒரு பால்வண்டி, எங்கள் கார்.

லாரிக்காரர்கள் கையில் கூழ் ஆலையின் டோக்கனை வைத்துக்கொண்டு நின்றார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஆலை வாசலுக்குப் போகாவிட்டால் மறுபடி டோக்கன் கிடைக்க நாட்களாகும், அதுவரை வெயிலில் காய் அழுகிவிடும். யாருடைய வேலை இது என்று ஒருவர் கேட்டார்.

"மேடம் நேத்து மெயில் போட்டாங்க" என்றார் முனிரத்தினம், மிகவும் பெருமையாக.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் இன்னும் களி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் பள்ளத்தில் குதித்துவிடலாம் போலிருந்தது. நான்கு வருடம் நான் திரையில் வண்டிகளை எண்ணியிருக்கிறேன், உள்ளே இருந்து ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எலைல வச்சத துன்னு முடி. அப்புறம் பேசலாம்" என்றார். போய்ச் சாப்பிட்டேன். இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

திரும்பி வந்தபோது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சுதாகர் நின்றிருந்தார். "மேடம், உங்கள் மெயில் பார்த்த மறுநாளே நடவடிக்கை" என்று கைகூப்பினார். பாவம், பாராட்டை எதிர்பார்த்தார்.

"நான் நிரந்தரமான வழி தேடச் சொல்லித்தான் எழுதினேன். இவர்கள் குறுக்கே கடக்க ஒரு சுரங்கப்பாதை இருந்திருந்தால் இந்தத் தோப்புப் பாதையே உண்டாகியிருக்காதே" என்று பள்ளத்தின் குறுக்கே கத்தினேன்.

"அண்டர்பாஸ் இந்த இடத்துல பிளான்லயே லேது மேடம். எப்பவுமே இல்ல."

கன்னியம்மா முன்னால் வந்தார். "சர்வே பண்ண வந்தவன் எங்க வூட்டாண்ட கல்லு நட்டு, இங்கதாமா வழி வருதுன்னு எங்கிட்டயே சொன்னான். நீ இல்லன்னு சொல்றியா? சரி வாயா, காணிப்பாக்கம் போலாம். கொளத்துல முங்கி எழுந்து, புள்ளையார் முன்னாடி நின்னு இதையே சொல்லு. நான் நாளைக்கே தோப்ப அடைச்சுடறேன்."

காணிப்பாக்கம் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்தால் தப்ப முடியாது என்பது அந்த மாவட்டத்தின் நம்பிக்கை. கோர்ட்டுக்குப் போக வசதியில்லாத வழக்குகள் அங்கே தீர்ந்துவிடுமாம். சுதாகர் சித்தூர்க்காரர். சட்டைக் காலரைச் சரிசெய்தார். லாரிகளைப் பார்த்தார், மாமரங்களைப் பார்த்தார். பிறகு பள்ளத்தின் விளிம்புக்கு வந்து, என்னிடம் மட்டும் சொல்வது போல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

முதல் வரைபடத்தில் இருந்ததாம். யார் குறைவாக மானியம் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் சாலை கட்டும் உரிமை. கட்டிய நிறுவனம் செலவைக் குறைக்க இப்படிக் கடக்கும் வழிகள் மூன்றை வெட்டியது, அதில் இது ஒன்று. "அதெல்லாம் நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால், மேடம். கல் நட்டதைப் பார்த்தவன் நான் இல்லை."

அரசாங்கம் மானியத்தில் மிச்சம் பிடித்தது. நிறுவனம் கான்கிரீட்டில் மிச்சம் பிடித்தது. நாங்கள் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினோம். மூன்று பேரின் மிச்சமும் இந்த அம்மாளின் தோப்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பள்ளத்தை மூட வேண்டும். ஜேசிபி ஓட்டுநர், வெட்டச் சொல்லி எழுத்து வந்ததால் வெட்டினேன், மூடச் சொல்லியும் எழுத்து வேண்டும் என்றார். அதை எழுதத் தனக்குத் தைரியமில்லை என்றார் சுதாகர். எனக்கும் அதிகாரமில்லை. ஆனால் லாரிகளிலிருந்து மாங்காய் வாசனை ஏறிக்கொண்டிருந்தது. எடைச்சீட்டு ஒன்றின் பின்பக்கம், கோலாலம்பூர் நிதியின் பெயரை மேலே போட்டு, பள்ளத்தை மூடுமாறு எழுதிக் கையெழுத்திட்டேன்.

"சீல்?" என்றார் ஓட்டுநர்.

கன்னியம்மா ஊர்ப் பால் சொசைட்டிக்குச் செயலாளர். உள்ளே போய் ரப்பர் ஸ்டாம்பை எடுத்துவந்து, வாயால் ஊதி, என் கையெழுத்தின் மேல் ஓங்கிக் குத்தினார். ஓட்டுநர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். முத்திரை வட்டமாக இருந்தது, அது போதும் அவருக்கு. சுதாகர் முதுகைத் திருப்பிக்கொண்டு போனில் யாரோடோ பேசினார். எதிர்முனையில் யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

லாரிகள் கிளம்பிப் போன பிறகு கன்னியம்மா ஓட்டுநரிடம் இன்னொன்று சொன்னார். "டிராக்டர் போற அளவுக்கு வுட்டுட்டு மீதிய மறுபடி தோண்டிடு. லாரிக்காரன் இனிமே காசு கட்டிக்கினு போவட்டும். என் கெளையெல்லாம் ஒடிச்சுட்டான்." அந்த வேலைக்கு அவர் எழுத்து கேட்கவில்லை.

கடைசி நாள், முதல் வரைபடத்தின் நகல் தேடி சித்தூர் அலுவலகத்துக்குப் போனோம். வழியில் சந்திரகிரி அரண்மனை தெரிந்தது. இதைக் கட்ட யார் கடன் கொடுத்திருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. இந்த உத்தியோகம் மனிதர்களைக் கெடுத்துவிடும். முனிரத்தினம் காணிப்பாக்கத்தில் நிறுத்தினார். நான் சாமி கும்பிட்டேன், ஆனால் குளத்துப் பக்கம் போகவில்லை. இருபது வருடக் கணிப்பு என்னுடையது. நனைந்த துணியோடு அதைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. சித்தூரில் நான்கு மேஜை மாறி, ஐந்தாவது மேஜையில் ஒரு பொறியாளர் வரைபடத்தை விரித்தார். கன்னியம்மா வீட்டுக்கு எதிரே, சாலையின் குறுக்கே, சின்னதாக இரண்டு இணைகோடுகள் இருந்தன.

கோலாலம்பூரில் லிம் அறிக்கையை இரண்டு முறை படித்தார். சுரங்கப்பாதை கட்டும் செலவு, தோப்பு வழி மறுபடி திறந்தால் சாவடியில் சில வருடத்தில் ஏற்படும் நஷ்டத்தைவிடக் குறைவு. கணக்கு நேராகத்தான் இருந்தது. எந்தத் தலைப்பில் கேட்பது என்பதில்தான் சிக்கல். கிராமத்து மக்கள் சாலையைக் கடப்பதற்கு எங்கள் விதிகளில் தலைப்பு இல்லை. "வருவாய்ப் பாதுகாப்பு" என்று இருந்தது. அதன் கீழ் எழுதினேன். மற்ற நிதிகளும் சாலை ஆணையமும் பங்கு போட்டுக்கொள்ளச் சம்மதித்தன. பால் சொசைட்டி முத்திரை குத்திய ஆணையின் நகலை லிம் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வேலை தொடங்கிய வாரம் கன்னியம்மா போன் செய்தார்.

"ஒசரம் எவ்ளோமா வெக்கறாங்க?"

வரைபடத்தைப் பார்த்துச் சொன்னேன். மனிதர்களும் மாடுகளும் போவதற்கான உயரம்.

"வெறும் டிராக்டர் போவும். அறுப்பு முடிஞ்சு வைக்கோல் பாரம் ஏத்தினா இடிக்குமே. அப்ப திரும்பவும் என் தோப்புலதான் வந்து நிப்பாங்க."

பொறியாளருக்கு எழுதினேன், ஆணையத்துக்கு எழுதினேன், லிம்மின் மேஜைக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை போனேன். வைக்கோல் என்பது எங்கள் வருவாயை எந்த விதத்தில் பாதிக்கிறது என்று இரண்டு பக்கம் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். கேட்ட கூடுதல் உயரத்தில் பாதி கிடைத்தது.

பாதை திறந்த பிறகு, முதல் அறுப்பு முடிந்ததும் கன்னியம்மாவே கூப்பிட்டார். வைக்கோல் வண்டி போனதா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"போச்சுமா. தோப்புக்கு வேலி போட்டுட்டேன்" என்றார். "பாரத்து மேல உக்காந்துக்கினு வர்றவன் மட்டும் கொஞ்சம் படுத்துக்கணும்."